நீலகிரிச் சரிவில் துத்திக் குலம்

நீலகிரியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர், அம்மலைக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய தாவரங்களின் சரித்திரத்தையே விரித்துரைத்திருக்கிறார்கள். 1843ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும், 1860ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனாவும், சரிவு முழுவதும் பரவிய தேயிலையும் அம்மலையின் பொருளாதாரத்தையும் தோற்றத்தையும் மாற்றியமைத்தவை. ஆதலால் அவற்றுக்குக் கிடைத்த கவனம் நியாயமானதே. ஆயினும் அந்தத் தேயிலை நிரைகளின் இடைவெளியிலும், சாலையோரத்திலும், இடிந்த சுவரின் அடியிலும், தொழிலாளர் குடியிருப்பின் கொல்லைப்புறத்திலும் விதைப்பாரின்றி முளைத்து, மஞ்சளாகப் பூத்து, களை என்று பிடுங்கி எறியப்படுகிற ஒரு செடிக் குலம் உண்டு. துத்தி, நிலத்துத்தி, அரிவாள்மனைப் பூண்டு, ஒட்டுத்துத்தி என்று ஊருக்கு ஊர் மாறும் பெயர்களால் மக்கள் அழைத்துவரும் இச்செடிகளைச் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் யுனானியும் ஒருங்கே ஔஷதமாகக் கொண்டிருக்கின்றன. இக்குலத்தின் மெய்யான குணம் யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது, நீலகிரிக்கும் அதைப் பற்றிய அறிவுக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த ஆராய்ச்சியின் முடிவில் எனக்குத் தெளிவாகப்பட்ட உண்மை ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: மூலிகையைச் சரியாக இனங்காணுவதே வைத்தியத்தின் முதற்படி, அந்தப் படி தவறினால் அதற்கு மேல் எழுப்பும் கட்டடம் எதுவும் நிலைக்காது.

தாவர நூலார் இக்குலத்தை மால்வேசி என்று வழங்குவர். 1789ஆம் ஆண்டில் ஜுஸ்ஸியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த இக்குடும்பம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மரபணு ஆராய்ச்சியின் பயனாக இன்னும் விரிவடைந்து, இலவு, கொக்கோ முதலிய மரங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. நாம் உடுத்தும் பருத்தியும், சமைக்கும் வெண்டையும், கடையும் புளிச்சைக் கீரையும், பூஜைக்குப் பறிக்கும் செம்பருத்தியும், குளக்கரையில் நிழல் தரும் பூவரசும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டும் அந்தக் கொழகொழப்பும், பருத்திச் செடியின் தண்டை ஒடித்தால் அறுபடாமல் தொங்கும் அந்த நாரும் இக்குடும்பத்தின் பொதுச் சொத்துகள். துத்தியின் மருத்துவப் பயன்களில் பெரும்பகுதியை முதலாவதும், தொழிற்பயன்களை இரண்டாவதும் விளக்கிவிடும்.

இக்குடும்பத்தை அடையாளம் காண்பதற்கு ஒரு துத்திப் பூவே போதுமானது. மேட்டுப்பாளையத்தின் வறண்ட சாலையோரங்களில் ஆளுயரம் வரை வளர்ந்து நிற்கும் பணியாரத் துத்தியின் இலை, இதய வடிவில், விளிம்பில் பற்களோடு, தொட்டால் வெல்வெட்டைப் போன்ற மென்மையுடன் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அந்த மென்மைக்குக் காரணம் நட்சத்திரம் போலக் கிளைத்த நுண்ணிய மயிர்கள் என்பது புலனாகும். இலைக்கக்கத்தில் ஒற்றையாக நிற்கும் பூவின் காம்பு, நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு கணுவைக் கொண்டிருக்கும். ஐந்து மஞ்சள் இதழ்களின் நடுவே மகரந்தத் தாள்கள் யாவும் தனித்தனியே நில்லாமல் ஒன்றுகூடி ஒரு குழலாகி, சூல்தண்டைச் சுற்றி எழுந்து, உச்சியில் மட்டும் பிரிந்து நிற்கும். இந்த மகரந்தக் குழலே செம்பருத்தியிலும் பருத்தியிலும் வெண்டையிலும் நாம் காணும் குடும்ப முத்திரை. பூ உதிர்ந்தபின் தோன்றும் காய், நடுவில் குழிந்து, விளிம்பில் பதினைந்து இருபது அறைகள் வட்டமாக அடுக்கப்பட்டு, முதலில் பச்சையாகவும் முற்றியபின் கரியதாகவும் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் சிறுநீரக வடிவில் இரண்டு மூன்று விதைகள் காணப்படும். இந்த விதைக் கணக்கைச் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. தாவர நூலார் அபுடிலான் என்று வழங்கும் துத்தியையும் அதன் நெருங்கிய உறவான சைடா இனத்துச் செடிகளையும் பிரித்தறிவதற்கு உறுதியான வழி இதுவே. சைடாவின் அறையில் ஒரே ஒரு விதைதான் இருக்கும்.

காலமும் இதற்குத் துணை செய்கிறது. அரிவாள்மனைப் பூண்டு முதலான சைடாக்கள் காலையில் மலர்ந்து நடுப்பகலுக்குள் கூம்பிவிடுகின்றன. துத்தியோ பிற்பகலில்தான் மலரத் தொடங்குகிறது. காலை வேளையில் மூலிகை பறிக்கச் செல்பவர் மலர்ந்த துத்திப் பூவைக் காண்பது அரிது. இவ்வாறு பூக்கும் வேளையையும், இதழின் அமைப்பையும், காயின் அறைகளையும், பூவின் அடியில் இரண்டாவது புல்லிவட்டம் உண்டா இல்லையா என்பதையும் கவனித்தால், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் செடிகள் தனித்தனியே பிரிந்து நிற்கும். துத்திக்கும் சைடாவுக்கும் அந்த இரண்டாவது வட்டம் கிடையாது. ஒட்டுத்துத்திக்கும் பேராமுட்டிக்கும் உண்டு. மால்வா என்னும் ஐரோப்பிய இனத்துக்கு அது மூன்று சிறு இலைகளால் ஆனது.

கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து, 1899ல் குன்னூர் வரையிலும் 1908ல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்ட 46 கிலோமீட்டர் மலைரயில் பாதையைத் தொடர்ந்து மேலே செல்பவர், இக்குலத்தின் உறுப்பினர்கள் உயரத்துக்கேற்ப மாறிவருவதைக் காணலாம். அடிவாரத்து வெயிலில் பணியாரத் துத்தியும் நிலத்துத்தியும் செழித்து நிற்கும். கல்லாற்றைக் கடந்து காடு தொடங்கியதும் அவை குறைந்து, நிழலையும் ஈரத்தையும் பொறுக்கும் செடிகள் தோன்றும்; இளஞ்சிவப்புப் பூவும், கொக்கி முட்கள் நிறைந்த காயும் உடைய ஒட்டுத்துத்தி, வழியே போகும் மனிதரின் ஆடையிலும் விலங்கின் உடலிலும் ஒட்டிக்கொண்டு தன் விதையைப் பரப்பும். குன்னூருக்குக் கீழுள்ள தேயிலைக் காடுகளின் ஓரத்தில் சாய்சதுர இலையும் வெளிர்மஞ்சள் பூவும் கொண்ட சைடா ராம்பிஃபோலியாவைக் காணலாம். 2,240 மீட்டர் உயரத்து உதகையிலோ, அடிவாரத்துத் துத்திக்கு இடமில்லை. அங்கே வீட்டுத் தோட்டங்களில் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி, தண்டு நெடுகிலும் பெரிய பூக்களை அடுக்கி நிற்கும் ஹாலிஹாக் என்னும் குளிர்நாட்டுச் செடியும், தலைகவிழ்ந்த விளக்கைப் போலப் பூக்கள் தொங்கும் தென் அமெரிக்க அபுடிலானும் அக்குலத்தின் பிரதிநிதிகளாக நிற்கின்றன.

இந்தத் தென் அமெரிக்க அபுடிலானின் ஒரு வகையில் இலைகள் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக அழகுற அமைந்திருக்கும். 1868ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தோட்டக்கலையில் புகுந்து பெரும் மதிப்புப் பெற்ற அந்த வண்ணக் கோலம், உண்மையில் ஒரு வைரஸ் நோயின் அடையாளம் என்பது பின்னர் நிரூபணமாயிற்று. வெள்ளை ஈ பரப்பும் இத்தகைய வைரஸ்களின் ஆராய்ச்சிக்கு அச்செடி ஒரு தொடக்கமாகவும் அமைந்தது. கண்ணுக்கு இனியது யாவும் ஆரோக்கியத்தின் லட்சணம் அன்று என்பதற்குத் தாவர சாஸ்திரம் தரும் நல்ல உதாரணங்களில் இது ஒன்று.

நீலகிரியோடு சிறப்பாகத் தொடர்புடைய துத்தி ஒன்றும் உண்டு. அபுடிலான் நீல்கெரென்ஸ் என்று தாவர நூலில் இம்மலையின் பெயரையே தாங்கி நிற்கும் அச்செடிக்குப் பெயரிட்டவர் வில்லியம் மன்றோ. படைவீரராக இந்தியாவுக்கு வந்து, பெங்களூர்த் தோட்டத்தின் செடிகளைப் பட்டியலிட்டு 1837ல் வெளியிட்டவர். அவர் காலத்தில் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தவர்களில் தலைசிறந்தவர் ராபர்ட் வைட். மருத்துவராக வந்த அவர், 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் அரசாங்கச் சோதனைப் பண்ணைகளுக்குத் தலைமை தாங்கினார். பருத்தியை வளர்ப்பதற்காக நியமிக்கப்பட்ட அதே மனிதர், அப்பருத்தியின் காட்டு உறவினர்களையும் ஏனைய தாவரங்களையும் படங்களோடு பதிவு செய்து, இந்தியத் தாவரங்களின் சித்திர நூலை ஆறு தொகுதிகளாகவும், நீலகிரித் தாவரங்களுக்கென்றே தனியாக ஒரு நூலை 1846க்கும் 1851க்கும் இடையிலும் வெளியிட்டார்.

அந்நூல்களின் மேன்மையில் பெரும்பங்கு, அவருக்காகச் செடிகளைப் பார்த்து வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு இந்தியச் சித்திரக்காரர்களைச் சாரும். பூவைக் கூறாக்கி, மகரந்தக் குழலையும் சூலறையையும் விதையையும் பெரிதாக்கித் தனித்தனியே காட்டிய அவர்களுடைய கோடுகளைக் கொண்டு, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு செடியை ஐயமின்றி அடையாளம் காண முடிகிறது. வைட்டுக்குக் கிடைத்த புகழில் அவர்களுக்குரிய பாகம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அவர்கள் பெயரை மீட்டுத் தந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் விஷயம். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன், 6,500 அடிக்கு மேலுள்ள நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டு இம்மரபைத் தொடர்ந்தார்.

இவர்கள் செடியின் புறத்தை ஆராய்ந்தார்கள் என்றால், அதன் உள்ளே இருப்பதை ஆராய்ந்தவர் ஒருவர் உதகமண்டலத்திலேயே இருந்தார். சின்கோனாப் பட்டையில் குயினைன் எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பதற்காகச் சென்னை அரசாங்கம் நியமித்த ரசாயன நிபுணர் டேவிட் ஹூப்பர், 1884 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இம்மலையில் பணியாற்றினார். மலைக்காய்ச்சலின் மருந்தைப் பட்டையிலிருந்து பிரித்து அளக்கும் அந்தக் கலையை அவர் சின்கோனாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை; பம்பாயிலிருந்த டைமாக், கல்கத்தாவிலிருந்த வார்டன் ஆகியோருடன் சேர்ந்து, இந்தியக் கடைவீதிகளில் விற்கப்படும் மூலிகைகளின் சரித்திரத்தையும் பிரயோகத்தையும் ரசாயனத்தையும் தொகுத்து, 1890க்கும் 1893க்கும் இடையில் ஃபார்மகோகிராஃபியா இண்டிகா என்னும் பெருநூலை வெளியிட்டார். நாட்டு மருந்தை அலட்சியப்படுத்தாமலும், கண்ணை மூடிக்கொண்டு போற்றாமலும், ஆராய்ந்து பார்ப்பது என்ற மனோபாவத்துக்கு நீலகிரியில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வேர் உண்டு என்பதை அந்நூல் காட்டுகிறது.

இனி, துத்தியின் பிரயோகங்களைக் கவனிப்போம். முருகேச முதலியாரின் குணபாடம் முதலான சித்த வைத்திய நூல்கள் அதன் இலை, பூ, விதை, வேர், பட்டை ஆகிய ஐந்தையும் மருந்தாகக் கூறுகின்றன. மூலநோய்க்கு இலையே பிரதானம். இளந்துத்தி இலையைச் சின்ன வெங்காயத்துடனும் பாசிப்பருப்புடனும் சேர்த்துக் கீரையாகச் சமைத்து உண்பதும், இலையை விளக்கெண்ணெயில் வதக்கி மூல முளையின் மேல் இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவதும் தமிழ்நாட்டின் பரவலான கைவைத்தியம். பல்வலிக்கும் ஈறு வீக்கத்துக்கும் இலைக் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பார்கள். உடற்சூட்டுக்கும் இருமலுக்கும் உலர்ந்த பூவின் பொடியைப் பாலுடன் தருவார்கள்.

கட்டிக்குப் போடும் களி இவற்றுள் தனியே எடுத்துச் சொல்லத் தக்கது. துத்தி இலையை அரைத்துப் பிழிந்தால் வரும் சாறு, நீரைப் போல ஓடாமல், விரலிலிருந்து நூலாக இறங்கும். அச்சாற்றில் பச்சரிசி மாவைக் கரைத்துச் சிறுதீயில் கிளறினால், மாவின் பசையும் இலையின் பசையும் ஒன்றாகி, பளபளப்பான பசுமை நிறக் களியாகத் திரளும். கைப்பொறுக்கும் சூட்டில் அதைத் துணியில் தடவிக் கட்டியின் மேல் வைத்தால், சாதாரண ஒத்தடத்தின் சூடு சீக்கிரம் ஆறிவிடுவது போல இது ஆறாது. ஈரமும் சூடும் நெடுநேரம் தங்கி, தோலை இளக்கி, ரத்த ஓட்டத்தை அவ்விடத்தில் மிகுவித்து, வலியைத் தணித்துக் கட்டி பழுத்து உடைவதற்கு வழி செய்யும். பாட்டிமார் அனுபவத்தால் கண்ட இந்த முறையில், சூட்டைப் பிடித்துவைக்கும் பசையின் பௌதிக குணம் எவ்வளவு நுட்பமாகப் பயன்பட்டிருக்கிறது என்பதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது.

இந்தப் பசைதான் துத்திக் குலத்தின் முதன்மையான மருந்து. ரசாயன ரீதியில் அது சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகப் பிணைந்த ஒரு பொருள். தன் எடையைவிடப் பன்மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகும் இயல்புடையது. புண்ணாகி எரியும் தொண்டையிலோ குடலிலோ அது மெல்லிய படலமாகப் படிந்து, எரிச்சலூட்டும் பொருள் நேரே தாக்காமல் காக்கிறது. குடலில் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவதால், மூலநோயாளி முக்காமல் கழிப்பதற்கு உதவுகிறது. முக்குதல் குறைந்தால் புடைத்த ரத்த நாளங்களின் மேல் அழுத்தம் குறைகிறது. ஆகவே துத்திக் கீரை மூலத்துக்கு இதமளிக்கிறது என்ற மக்களின் அனுபவத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அது புடைத்த நாளத்தையே பழைய நிலைக்குத் திருப்பிவிடும் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. மலத்தில் ரத்தம் போகிறவர் அதை மூலமென்று தாமே முடிவு செய்துகொண்டு மாதக்கணக்கில் கீரையோடு காலங்கழிப்பது ஆபத்து. குடற்புற்றும் இதே அடையாளத்தோடு தொடங்கக்கூடும் என்பதால், மருத்துவர் ஒருவர் சோதித்துப் பார்த்தபின் கீரையைத் துணையாகக் கொள்வதே அறிவுடைமை. வேறு மாத்திரைகள் உண்பவர்கள், பசை அவற்றின் உறிஞ்சலைத் தாமதப்படுத்தக்கூடும் ஆதலால், இரண்டுக்கும் இடையே சிறிது நேரம் விடுவதும் நல்லது.

மேல்நாட்டாரும் இதே குணத்தையே இதே குடும்பத்தில் கண்டார்கள். ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளரும் மார்ஷ்மாலோ என்னும் செடியின் வேர், வறட்டு இருமலுக்கும் தொண்டை எரிச்சலுக்கும் நெடுங்காலமாக அங்கே மருந்து. அவ்வேரில் பசையோடு மாவுச்சத்தும் மிகுதியாக இருப்பதால், கொதிக்க வைத்தால் மாவு கரைந்து கலந்துவிடும் என்று அறிந்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்தே பசையைப் பிரிப்பார்கள். நம் களி சூட்டைக் கொண்டும் அவர்கள் ஊறல் சூட்டைத் தவிர்த்தும் ஒரே பொருளைக் கைக்கொள்வது கவனிக்கத் தக்கது. பிரெஞ்சு மருந்துக் கடைக்காரர்கள் அப்பசையைச் சர்க்கரையோடு அடித்துச் செய்த மிட்டாயே இன்று உலகெங்கும் விற்கப்படும் மார்ஷ்மாலோவுக்கு மூலம். இன்றைய மிட்டாயிலோ அச்செடி இல்லை, ஜெலட்டினே உண்டு. யுனானி வைத்தியத்தில் கத்மி என்ற பெயரில் இவ்வினம் வழங்குகிறது. உதகைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் ஹாலிஹாக்கின் பூவையும் யுனானி வைத்தியர் மருந்தாகக் கொள்வர்.

சைடா இனத்தின் கதை சற்று வேறானது. அதில் எச்சரிக்கை மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆயுர்வேதத்தில் பலா என்று புகழ்பெற்ற மூலிகை, சைடா இனத்தைச் சேர்ந்த நிலத்துத்தியின் வேர். நம் துத்திக்கு அங்கே அதிபலா என்று பெயர். பலா வேரைப் பாலோடும் நல்லெண்ணெயோடும் காய்ச்சி எடுக்கும் க்ஷீரபலா தைலம் வாத நோய்களுக்குரியது. அந்தக் காய்ச்சலை நூற்றொரு முறை திரும்பத் திரும்பச் செய்து தைலத்தைச் செறிவாக்கும் சம்பிரதாயமும் உண்டு. மேற்குச் சரிவில் கூடலூரைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கினால், அதே இடத்தைக் குறுந்தோட்டி என்னும் வேறு சைடாக்கள் பிடித்துக்கொள்கின்றன. தமிழ் வைத்தியர் சிற்றாமுட்டி என்று ஓரிடத்தில் ஒரு செடியையும் மற்றோரிடத்தில் பிறிதொரு செடியையும் குறிக்கிறார். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிவராஜனும் பிரதீப்பும் தென்னிந்திய மால்வேசியை முழுமையாக ஆராய்ந்து 1996ல் வெளியிட்ட நூல் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்குப் பெருந்துணை. 2015ல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள், நாட்டு மருந்துக் கடைகளில் பலா என்று விற்கப்பட்ட சரக்குகளை மரபணு முறையால் சோதித்தபோது, அவற்றுள் பல வேறு சைடா இனங்களாக இருக்கக் கண்டார்கள்.

இது வெறும் பெயர்த் தகராறு அன்று. நிலத்துத்தியில் எஃபெட்ரின் என்னும் சத்து சிறிதளவு உண்டு. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்தும் தன்மையுள்ள அச்சத்து கலந்த துணை உணவுப் பொருள்களை அமெரிக்க அரசாங்கம் 2004ல் தடை செய்தபோது, அதற்கு மூலமான செடிகளின் வரிசையில் நம் நிலத்துத்தியும் இடம்பெற்றது. தைலமாக வெளியே பூசுவதற்கும், பொடியாக உள்ளே உண்பதற்கும் உள்ள வேற்றுமை இங்கே உயிரைத் தொடுவதாகிவிடுகிறது. ஓரினத்தின் குணத்தை நூலில் படித்துவிட்டு வேறோரினத்தை உட்கொள்பவருக்கு, ஒன்று பயன் கிடைக்காது, அல்லது எதிர்பாராத தீங்கு நேரும்.

மருந்தைத் தவிரவும் இக்குலம் மனிதனுக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒட்டுத்துத்தியின் தண்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் சணலுக்கு நிகரான நார் கிடைக்கும். ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் அது தொழில் முறையில் பயிராகியிருக்கிறது. சைடாவின் உறுதியான கிளைகளைக் கட்டித் துடைப்பமாக்குவது பல நாடுகளில் வழக்கம். மறுபுறம், பருத்தி விவசாயிக்குத் துத்தி ஒரு தொல்லையும் ஆகும். பருத்திக் காயைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழுவும், பஞ்சைக் கறைப்படுத்தும் சிவப்புப் பருத்திப் பூச்சியும், மாவுப்பூச்சியும், பருத்தி இல்லாத பருவத்தில் துத்தியில் தங்கிப் பிழைக்கின்றன. ஆகவே வயலோரத்துத் துத்தியை அகற்றும்படி வேளாண்மைத் துறையார் அறிவுறுத்துகிறார்கள். ஒரே செடி வைத்தியனுக்கு வேண்டியதாகவும் உழவனுக்கு வேண்டாததாகவும் இருப்பதில் முரண்பாடு இல்லை; எங்கே வளர்க்க வேண்டும், எங்கே நீக்க வேண்டும் என்ற விவேகமே தேவை.

இந்த விவேகம் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. முன்னாளில் களைக்கொத்தால் எடுத்த களையை இப்போது பல தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்து அழிக்கிறார்கள். அவ்வாறு தெளித்த காட்டின் ஓரத்தில் நிற்கும் செடி, வாடுவதற்கு முன்னே சில நாள்கள் பசுமையாகவே இருக்கும். கொழுந்து எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண் அதைக் கீரை என்று கிள்ளிக்கொண்டு போனால் வரும் தீங்குக்கு யார் பொறுப்பு? எந்தக் காட்டில் எந்த நாளில் மருந்தடித்தார்கள் என்பதைத் தொழிலாளர் வாழும் லைன் வீடுகளில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பதும், குடியிருப்பை ஒட்டிய ஒரு சிறு நிலத்தை மருந்து படாமல் மூலிகைக்கென்று ஒதுக்குவதும் எந்த நிர்வாகத்துக்கும் பெரிய சுமையாகாது. 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி, கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்களுக்கு, ஆஸ்பத்திரி தூரமாயிருந்த காலத்தில் கைவைத்தியமே முதல் உதவி. அவர்களுடைய அறிவு ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகிறது.

சரிவின் காடுகளில் வாழும் இருளர், குறும்பர் முதலிய பழங்குடியினரின் அறிவு இதனினும் ஆழமானது. 1986ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரிப் பிரதேசம், 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் மூன்று மாநிலங்களைத் தழுவி நிற்கிறது. அதன் செடிகளைப் பார்த்த மாத்திரத்தில், பூவில்லாத காலத்திலும், இலையைக் கசக்கி மணத்தாலும் தொட்டு மயிரின் தன்மையாலும் பிரித்தறியக் கூடியவர்கள் அவர்கள்தாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அவ்வறிவுக்கும், சிறு வனப்பொருள்களின் மேல் அவர்களுக்குள்ள உரிமைக்கும் சட்டத்தின் ஆதரவைத் தந்திருக்கின்றன. ஆனால் வேருக்காகவே பிடுங்கப்படும் சைடாவைப் பொறுத்தவரை, பிடுங்குபவருக்குக் கிடைக்கும் கூலி அற்பமாயும், செடி மீண்டும் முளைப்பதற்கு அவகாசம் இல்லாமலும் போனால், சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். விதை முற்றி உதிர்ந்த பின்னரே வேரை எடுப்பது என்ற ஒரு கட்டுப்பாடே ஒரு சரிவின் செடிகளைக் காப்பாற்றப் போதுமானது. அந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பவருக்கு உரிய விலை கொடுக்க வாங்குபவர் முன்வர வேண்டும்.

ஆதலால் செய்ய வேண்டியவை இவை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பாதுகாப்பிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்த உலர்செடிகள் இருக்கின்றன. நீலகிரியில் எமரால்டு என்னும் ஊரில் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உதகையில் 1848ல் மெக்ஐவரின் மேற்பார்வையில் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்காவும், குன்னூரில் 1874ல் தோன்றிய சிம்ஸ் பூங்காவும் இருக்கின்றன. இந்நிலையங்கள் ஒன்றுகூடி, அடிவாரம் முதல் உச்சி வரையிலான மால்வேசிச் செடிகளை, மக்கள் வழங்கும் பெயர், தாவர நூற்பெயர், பறித்த இடம், பறித்தவர் பெயர் ஆகிய நான்கோடும் சேகரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மலையிலுள்ள பள்ளிகள் தத்தம் உயரத்தில் வளரும் இனங்களை ஒரு பாத்தியில் வளர்த்து, எத்தனை மணிக்குப் பூக்கிறது, காயில் எத்தனை அறை, அறையில் எத்தனை விதை என்று மாணவர்களே குறித்து வைக்கும்படி செய்யலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் போதும். சித்த மருத்துவக் கல்லூரிகள், இவ்வாறு இனங்கண்ட செடியைக் கொண்டே மூலநோய்க்கும் கட்டிக்கும் துத்தி எந்த அளவு உதவுகிறது என்பதை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பலனையும் பலனின்மையையும் ஒளிக்காமல் வெளியிட வேண்டும்.

ரங்கையாவும் கோவிந்துவும் பூவைக் கூறாக்கி வரைந்ததும், ஹூப்பர் பட்டையைக் கரைத்து அளந்ததும், இருளர் இலையைக் கசக்கி முகர்ந்ததும் அடிப்படையில் ஒரே ஒழுக்கம்: எதிரிலிருக்கும் செடியை அதற்குரிய கவனத்தோடு பார்ப்பது. அந்த ஒழுக்கத்தில் மூன்று தரப்பாரும் சமம். அம்மூவகை அறிவுகளும் ஒரே மலையில் விளைந்தவை. அவற்றை ஒன்றுசேர்த்துக் கற்கும் தலைமுறைக்குத் துத்தி களையாகவும் தோன்றாது, சர்வரோக நிவாரணியாகவும் தோன்றாது. குணமும் எல்லையும் தெரிந்த ஒரு நல்ல மருந்தாகத் தோன்றும். நம் மூலிகைகளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.